ரூட்டக்கா போட்ட வழி

லாரி ஆபீஸில் அவளுக்கு ரூட்டக்கா என்று பேர். வைத்த புண்ணியவான் யாரென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் குடியிருக்கிறது. எந்த லாரி எந்தச் சாலையில் போக வேண்டும், எந்தச் சாலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அவள் மேசைக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு வரைபடம் தொங்கும். அதில் பச்சைக் கோடு போட்டது சரக்கு போகிற வழி. சிவப்புக் கோடு போட்டது போகக் கூடாத வழி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்ணுக்கு லட்சணமாக இருக்கிற எந்தச் சாலையும் சரக்குக்கு ஆகாது. ஏரியை ஒட்டிப் போகிற சாலை வளைந்து வளைந்து போகும். பாரம் ஒரு பக்கமாகச் சரியும். அருவி பக்கத்தில் இருந்தால் தார் எந்நேரமும் நனைந்து கிடக்கும், டயர் வழுக்கும். மலை உச்சியில் போனால் பனிமூட்டம். காட்டுக்குள் போனால் மான் குறுக்கே பாயும். ஆக, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அழகான சாலை எத்தனை உண்டோ அத்தனையையும் தன் கையாலேயே சிவப்புப் பென்சிலால் அடித்து வைத்தவள் ரூட்டக்கா. அதில் ஒன்றிலாவது அவள் போனது கிடையாது.

போகாவிட்டால் என்ன, தெரியாதா? டிரைவர்கள் வந்து திட்டித் தீர்ப்பார்கள். அந்தத் திட்டிலிருந்துதான் அவள் ஊர் உலகம் பார்த்தாள். "மூணாவது வளைவுல ஏரி கீழ முழுசா தெரியுதுக்கா, வெள்ளித் தட்டு மாதிரி. அதையே பாத்துக்கிட்டு ஒருத்தன் வண்டிய பள்ளத்துல விட்டுட்டான், அறிவுகெட்டவன்" என்று கத்தியவர் கண்ணாடிக்காரர். ஆபீஸிலேயே மூத்த டிரைவர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். "அந்தப் பூ மரம் இருக்கே, ரோடு பூரா மஞ்சளா கொட்டி வெச்சிருக்கு, பிரேக் பிடிச்சா நிக்க மாட்டேங்குது" என்று இன்னொருவர். ரூட்டக்கா எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுவாள். மற்றவர்களுக்கு அது புகார் நோட்டு. அவளுக்கு அதை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எடுத்துப் படிக்கப் படிக்க வாய் ஊறும்.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பா ஐந்து வருஷத்துக்கு முன் குளியலறையில் விழுந்ததிலிருந்து இடது பக்கம் அசையாது. வாய் மட்டும் நன்றாக அசையும். தம்பியும் தங்கையும் அதே ஊரில் ஆளுக்கொரு மூலையில் குடும்பமாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவின் கட்டில் ஓரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கூடத்தில் மூன்று மணி நேரம் உட்காருவார்கள். தம்பி குளியலறைச் சாமான் கடையில் மேலாளர். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். தங்கை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். சிரிப்பதற்குத்தான் சம்பளம், வீட்டுக்கு வந்தால் அதை மிச்சம் பிடிப்பாள். அவள் கணவர் வாயில்லாப் பூச்சி, எது கேட்டாலும் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவர்களுக்கு ஒரு பெண். ரூட்டக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று முதலில் எல்லோரும் கேட்டார்கள். பிறகு சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். இப்போது வயது நாற்பத்தேழு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தம்பி பேச்சை எடுத்தான். கடையில் யாரோ ஒருவன் காரிலேயே ஐந்து நாள் சுற்றிவிட்டு வந்து படம் காட்டினானாம்.

"அக்கா, நாமளும் ஒரு தடவை கிளம்பணும். போய்ச் சேர்ற இடம் எதுவா வேணா இருக்கட்டும். போற வழி அழகா இருக்கணும், அவ்வளவுதான். நீதான் ரூட்டு போடணும். உன்ன விட்டா யாருக்குத் தெரியும்?"

"யார் யாரு போறோம்?" என்று கேட்டாள்.

"எல்லாரும்தான்" என்றான் தம்பி, அலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லாரும். அந்த ஒரு சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கோபதாபம் உண்டு, அழுகை உண்டு, ஆசை மட்டும் என்றோ மறந்துபோன சங்கதி என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்று மாதம் பாடுபட்டாள். சிவப்புக் கோடுகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டுபிடித்தாள். காட்டு வழியில் போனால் மான் உண்டு, ஆனால் ஏரி கிடையாது. ஏரி வழியில் போனால் அருவிக்கு நாற்பது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். கடைசியில் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குகிற வழிதான் என்று முடிவுகட்டினாள். முதல் நாள் காலை ஒன்பதேகாலுக்கு மூன்றாவது வளைவில் ஏரி. பன்னிரண்டுக்குள் அருவி. ராத்திரி தங்க மலை உச்சியில் ஒரு பழைய மரவீடு. காலையில் கதவைத் திறந்தால் மேகம் காலடியில் கிடக்கும் என்று கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறார். அதையும் அவர் திட்டாகத்தான் சொன்னார். மேகத்தால் அவருக்கு அரை நாள் வேலை கெட்டதாம்.

டிரைவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துபோயிற்று. இத்தனை வருஷம் அழகைத் திட்டியே பழகியவர்கள், ரூட்டக்கா போகிறாள் என்றதும் ஆளுக்கு ஆள் யோசனை சொன்னார்கள். "இறக்கத்துல இடது பக்கம் உக்காருங்கக்கா, அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கு." "அருவிகிட்ட வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கும், கண்டுக்காதீங்க." முதலாளியிடம் ஐந்து நாள் லீவு கேட்டபோது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து இரண்டாவது முறை சொல்லச் சொன்னார். அப்பாவைக் குளிப்பாட்டக் காலையில் வருகிற செவிலியம்மா அந்த ஐந்து நாளும் வீட்டிலேயே தங்குவதாக ஒப்புக்கொண்டாள். மருந்து எப்போது, எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைப்பது, கோபம் வந்தால் எந்த ரேடியோ நிலையத்தை வைப்பது எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று. ரூட்டக்கா தனக்கென்று ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, ஆபீஸ் அலமாரியில் ஒளித்து வைத்தாள். வீட்டில் போட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பயணத் தாளை லாரிக்குப் போடுகிற மாதிரியேதான் போட்டாள். நேரம், தூரம், பெட்ரோல் பங்க், சுத்தமான கழிவறை எங்கே, பிள்ளைகளுக்குக் குமட்டினால் ஓரம் கட்ட இடம் எங்கே, எல்லாம். கூடவே ஒரு புதுமை செய்தாள். யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று இருக்கைக்கும் கட்டம் போட்டாள். ஏரி வரும்போது சின்னப் பிள்ளைகள் இடது பக்கம், பள்ளத்தாக்கு வரும்போது தங்கை, இப்படி மாற்றி மாற்றி எட்டுப் பேருக்கும் ஜன்னல் கிடைக்கும்படி. தனக்கு ஒதுக்கிக்கொண்டது மேகம் வருகிற இடத்தை. அதை எழுதும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

கிளம்பப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கூடியது. ரூட்டக்கா தாளை எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். தம்பி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தங்கை அதைப் பிள்ளையின் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

"வண்டி பாத்துட்டியாடா?" என்று கேட்டாள் ரூட்டக்கா.

"புக் பண்ணியாச்சு. புது வண்டிக்கா. ஏழு சீட்டு."

"ஏழா? நாம எட்டுப் பேராச்சே. பெருசா ஒண்ணு கிடைக்குமான்னு கேளேன், இன்னும் நாள் இருக்கு."

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி தங்கையைப் பார்த்தாள். தங்கை தம்பியைப் பார்த்தாள். தங்கையின் கணவர் பார்க்க முகம் கிடைக்காமல் தரையைப் பார்த்தார்.

"நீ சொல்லலையா?" என்றான் தம்பி, தங்கையிடம், மெதுவாக.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீதானே பேச்ச எடுத்த. நீ சொல்லியிருப்பன்னு நினைச்சேன்."

"அண்ணிக்கே தெரியும்னுதான் நான் நினைச்சேன்" என்றாள் கணக்கு டீச்சர். எட்டை ஏழாக எண்ணுகிற டீச்சர் அல்ல அவள். எண்ணித்தான் ஏழு என்றிருக்கிறாள்.

அந்தக் குடும்பத்தில் கசப்பான சேதி எதையும் யாரும் நேரே சொல்லி வழக்கமில்லை. ஒருவர் சொல்லிவிடுவார் என்று மற்றவர் இருப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோதே அப்படித்தான் ஆனது; ரூட்டக்கா சாப்பாட்டுக் கூடையோடு போய், காலிக் கட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இந்த முறையும் அதே கதிதான், காலிக் கட்டிலுக்குப் பதில் ஏழு சீட்டு.

"யாராவது ஒருத்தர் அப்பாவோட இருக்கணுமே அக்கா" என்றான் தம்பி கடைசியில்.

"செவிலியம்மா தங்குறதா சொல்லிட்டாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"வெளியாள நம்பி அப்பாவ எப்படி விடறது?" என்றாள் தங்கை. அவள் அப்பாவை விட்டுவிட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. "அதுவுமில்லாம உனக்குத்தான் வண்டில போனா தலை சுத்துமே."

"எனக்கா? எப்ப சுத்திச்சு?"

"போன தடவை கூப்பிட்டப்ப நீதானே வரலைன்ன."

போன தடவை அப்பாவுக்கு நெஞ்சில் சளி. அதற்கு முந்தின தடவை அம்மா. அதற்கும் முந்தின தடவை தங்கையின் பிரசவம். போக முடிந்தவர்கள் போனார்கள், ரூட்டக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். போக முடியாதவள் என்பது நாளடைவில் போகப் பிடிக்காதவள் என்று ஆகியிருக்கிறது. யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் அதற்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"நீ இல்லாம அப்பா ஒரு வேளை சாப்பிட மாட்டாருக்கா. உன் மேல அவருக்கு அவ்வளவு உயிரு" என்று தம்பி ஐஸ் வைத்தான். கணக்கு டீச்சர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "உங்களுக்கு நிறைய ஃபோட்டோ எடுத்துட்டு வர்றோம் அண்ணி" என்றாள். பிள்ளைகளுக்குப் பரிசுக்குப் பதில் மிட்டாய் தருகிற குரல் அது.

ரூட்டக்கா அழவில்லை. முகம் மட்டும் காந்தியது. அவமானம்தான் பெரிதாக இருந்தது. மூன்று மாதம் ஜன்னலோர இடத்தைப் பங்கு பிரித்தது, டிரைவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டது, ஷூவை ஒளித்து வைத்தது எல்லாம் வரிசையாக வந்து பல்லிளித்தன. "சரி, அப்பா கூட நான் இருக்கேன். அந்தத் தாள எல்லாம் திருப்பிக் குடுங்க, ஏழு பேருக்கு மாத்தி எழுதணும்" என்றாள். அப்பாடா என்று எல்லோருக்கும் மூச்சு வந்தது. தங்கை தட்டுக்கு அடியிலிருந்து தாளை உருவிக் கொடுத்தாள். அதில் அருவி இருந்த இடத்தில் குழம்புக் கறை பட்டிருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், ஆபீஸ் காலியாக இருந்த நேரத்தில், ரூட்டக்கா வழியை மாற்றி எழுத உட்கார்ந்தாள். கண்ணில் ரத்தம் வராத குறை. சிவப்புக் கோட்டை ஒதுக்கினாள். பச்சைக் கோட்டை எடுத்தாள். மலையைத் தாண்டாமல் அடிவாரத்தோடு சுற்றிப் போகிற ஆறுவழிச் சாலை. ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போகும். முதல் அறுபது கிலோமீட்டர் குடோன்கள். பிறகு கல்குவாரி, வெடி வைத்து வெடி வைத்து ஒரு குன்றே பாதி காணாமல் போயிருக்கும். பிறகு சிமெண்ட் ஆலை; மரத்தின் இலைகூடச் சாம்பல் நிறம். பிறகு டேங்கர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற எண்ணெய்க் கிடங்கு. மலை உச்சி மரவீட்டுக்குப் பதிலாக நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி பதித்த ஏழு மாடி ஹோட்டல். மறுநாள் போகும்போதும் கல், திரும்பி வரும்போதும் கல்.

போங்கள், நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மனசுக்குள் கறுவினாள்.

ஆனாலும் கோபம் வேறு, தொழில் வேறு. டேங்கர் போக்குவரத்து அதிகமாக இருக்கிற நேரத்தைத் தவிர்த்துத்தான் நேரம் போட்டாள். பள்ளம் இருக்கிற நான்கு கிலோமீட்டருக்கு வேகத்தைக் குறைத்து எழுதினாள். குமட்டினால் ஓரம் கட்ட இடம் என்ற பத்தியை மட்டும் காலியாக விட்டாள். அந்தச் சாலையில் குமட்டாது.

கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட வந்தவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இது நம்ம சிமெண்ட் ரோடு இல்ல?"

"ஆமா."

"உங்க குடும்பம் போறதுக்குன்னு சொன்னீங்க?"

"குடும்பம் போறதுக்குத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார், போய்விட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து எந்த டிரைவரும் அவளிடம் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மரவீட்டுக்காரரை அலைபேசியில் அழைத்து வேண்டாமென்று சொன்னாள். "எட்டுப் பேர்னு சொன்னீங்களேம்மா, ஒருத்தர்கூட வரலையா?" என்று கேட்டார் அவர். "ஒருத்தரும் வரலை" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பேரும் கிளம்பினார்கள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தபோது வண்டியை அணைக்கக்கூட இல்லை. ரூட்டக்கா கேட்ட லீவு கேட்டதுதான். இப்போது வேண்டாமென்று சொன்னால் ஏன் என்று முதலாளி கேட்பார். ஐந்து நாளும் வீட்டில் இருந்தாள். செவிலியம்மா வழக்கம்போல் காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டு, போகும்போது அவள் கையை ஒரு தரம் பிடித்துவிட்டுப் போனாள்.

ஒன்பதேகால் ஆனபோது அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவது வளைவு. அந்த நேரத்தில் அவர்கள் இருப்பது குடோன்களுக்கு நடுவில் என்று தெரியும். இருந்தும் அவள் மனசு பழைய தாளைப் பிடித்துக்கொண்டு மலையேறியது. ஏரி, பூ மரம், நனைந்த தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையை இடது பக்கம் திருப்பினாள். அங்கே அப்பாவின் மருந்து அலமாரி இருந்தது.

"எல்லாரும் எங்க போயிருக்காங்க?" என்று கேட்டார் அப்பா.

"மலைப் பக்கம்பா. அஞ்சு நாள்."

"நீ போகலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் ஒருவராவது இருக்கிறாரே என்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இல்லப்பா" என்றாள்.

"நல்லதாப் போச்சு. நீ போயிட்டா என்னை யாரு திருப்பிப் படுக்க வைப்பா? முதுகு பொசுங்குது, கொஞ்சம் திருப்பு."

திருப்பிவிட்டாள்.

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் அலைபேசி அடிக்குமா என்று காத்திருந்ததுதான். ஆபீஸில் தப்பான வழி போட்டால் அரை மணியில் டிரைவர் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். அப்படி ஒரு கூப்பாடு வரும், "என்னக்கா இது, ரூட்டா இது, ஒரே புழுதி" என்று தம்பி கத்துவான், அப்போது சொல்லலாம் என்று ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தாள். 'என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா நல்ல வழி காட்டியிருப்பேன்.' அதைப் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்குச் சோறு மசிக்கும்போது இன்னும் காரமாகச் சொல்லிப் பார்த்தாள்.

கூப்பாடு வரவில்லை. படம்தான் வந்தது. தம்பியின் முகம், பின்னால் ஒரு ஐஸ்கிரீம் கடை. தங்கையின் முகம், பின்னால் தங்கையின் கணவர். பிள்ளைகள் மூன்றும் ஹோட்டல் நீச்சல் குளத்தில். கணக்கு டீச்சர் லிஃப்டுக் கண்ணாடியில். அடுத்த நாளும் முகம், முகம், முகம். எந்தப் படத்திலும் சாலை இல்லை. மலை இல்லை, குவாரிகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வண்டி வாசலில் வந்து நின்றது. ஏழு பேரும் நேரே அங்கேதான் வந்தார்கள், சாப்பாட்டுக்கு. வெயிலில் கறுத்திருந்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள். ரூட்டக்கா பரிமாறினாள்.

"அக்கா, என்ன ரூட்டுக்கா அது! வெண்ணெய் மாதிரி ரோடு. ஒரு வளைவு கிடையாது. நூத்திப் பத்துக்குக் கீழ இறங்கவே இல்ல. ரெண்டாவது நாள் ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய்ச் சேந்துட்டோம்" என்றான் தம்பி.

"பிள்ளைங்க ஒரு தடவைகூட வாந்தி எடுக்கல அண்ணி. உங்களுக்குத்தான் எங்க மேல எவ்வளவு அக்கறை" என்றாள் கணக்கு டீச்சர்.

"அந்த ஹோட்டல் போதும்க்கா. நான் அங்கேயே இருந்திருப்பேன்" என்றாள் தங்கை.

"வழியில என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள் ரூட்டக்கா.

"எல்லாம் பாத்தோமே."

"என்னென்ன?"

தம்பி யோசித்தான். மனைவியைப் பார்த்தான். "மலையெல்லாம் வந்துச்சுல்ல? ஒரு மலை பாதி வெட்டின மாதிரி… செமயா இருந்துச்சு."

"ஒரு இடத்துல மரமெல்லாம் வெள்ளையா இருந்துச்சு பெரியம்மா, பனி பெஞ்ச மாதிரி" என்றாள் தங்கையின் பெண். "நான் மட்டும்தான் பாத்தேன். அம்மா தூங்கிட்டாங்க."

ரூட்டக்காவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. மூன்று மாதத்து ஏரியும் அருவியும் மேகமும் இவர்களுக்கு இருந்தும் ஒன்றுதான், இல்லாமல் போனதும் ஒன்றுதான். தான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். தான் வாங்கிய பழியையும் வெண்ணெய் தடவி விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"அது பனி இல்ல, சிமெண்ட் தூசி. அது லாரி ரோடு. நான் வேணும்னேதான் உங்கள அதுல அனுப்பினேன். நல்ல வழி வேற இருந்துச்சு. என்னை விட்டுட்டுப் போறீங்கன்னு எனக்கு வயித்தெரிச்சல். நீங்க எதையும் பாக்கக் கூடாதுன்னுதான் அப்படிப் போட்டேன்."

சொல்லி முடித்துவிட்டு நின்றாள். நாற்பத்தேழு வயதில் முதல் முறையாக இந்தக் கூடத்தில் தன் மனசில் இருப்பதை அவள் நேரே சொல்லியிருக்கிறாள். யாராவது கத்தட்டும், பாத்திரத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போகட்டும், எதுவானாலும் சரி என்று இருந்தாள்.

தம்பிதான் முதலில் சிரித்தான். வாயில் சோற்றோடு, புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். "சிமெண்ட் தூசி! அக்கா மூஞ்சிய எப்படி வெச்சுக்கிட்டுச் சொல்லுது பாரு!" கணக்கு டீச்சர் சிரித்தாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. தங்கையின் கணவர் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தங்கை எழுந்து வந்து எச்சில் கையை ஒதுக்கிவைத்துக்கொண்டு மற்றக் கையால் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உனக்கா வயித்தெரிச்சல்? கோவப்படவே தெரியாதேக்கா உனக்கு."

ரூட்டக்கா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். இத்தனை பேர் சிரிக்கிற கூடத்தில், வருஷக்கணக்கில் பழகிய வாய், அவளைக் கேட்காமலே சிரித்துவிட்டது. அதைப் பார்த்ததும் எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உள் அறையிலிருந்து அப்பா, என்ன சிரிப்பு அங்கே என்று சத்தம் போட்டார்.

"அடுத்த வருஷம் கடல் பக்கம் போலாம். இதே மாதிரி ரோடா பாத்து நீயே போட்டுக் குடுத்துடு அக்கா" என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ரூட்டக்கா கரண்டியை எடுத்தாள். குழம்பை ஒரு தரம் கலக்கினாள்.

"எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"அதே ஏழு பேர்தான் அண்ணி" என்றாள் கணக்கு டீச்சர், தட்டை நீட்டியபடி.